தானா சரியாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க: மூளை ரத்தக்குழாய் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல தலைவலி பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கடிதங்களைப் பாத்தா, பாதிக்கு மேல ஸ்ட்ரோக், மூளையில ரத்தக்கட்டு, ரத்தக்குழாய் வெடிச்சது இதைப் பத்திதான் இருக்கு. அதனால இந்தத் தடவை முழுக்க அதை மட்டுமே எடுத்துக்கறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேத்து ஒண்ணா போட்டிருக்கேன்.

கேள்வி: எங்கப்பாவுக்கு 61 வயசு, சுகர் இருக்கு. போன வாரம் காலையில காபி டம்ளரை எடுக்கறப்ப வலது கை அப்படியே தொங்கிடுச்சு, காபி வேட்டியெல்லாம் கொட்டிடுச்சு, பேச்சும் குழறுச்சு. கால் மணி நேரத்துல எல்லாம் பழையபடி ஆயிடுச்சு. பக்கத்து கிளினிக்ல சத்து ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. அப்பா கேட்டா, "ஒண்ணுமில்லடா, ராத்திரி அந்தக் கை மேலயே படுத்துட்டேன்"ங்கறார். ஸ்கேன் எடுக்கறது அவசியமா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: அவசியம் தம்பி, அதுவும் உடனே. இந்தக் கடிதத்துக்கு மட்டும் இதழ் வர்ற வரைக்கும் காத்திருக்க மனசு கேக்கல, ஆபீஸ்ல உங்க நம்பர் வாங்கி போன்லயே பேசிட்டேன், ஆனா இதே கதை நிறைய வீட்டுல நடக்கறதால இங்கயும் எழுதறேன்.

கை மரத்துப்போறதும் கை தொங்கிப்போறதும் வேற வேற. கை மேல படுத்தா பூச்சி ஊர்ற மாதிரி இருக்கும், உதறினா சரியாயிடும், ஆனா பேச்சு குழறாது. கையும் பேச்சும் சேந்து போச்சுன்னா பிரச்சினை கையில இல்ல, மூளையோட இடது பக்கத்துல. அங்க போற ரத்தக்குழாயை ஒரு சின்ன ரத்தக்கட்டி அடைச்சிருக்கு, அது தானா கரைஞ்சோ நகந்தோ போனதால கை திரும்பிடுச்சு. இதைத்தான் மினி ஸ்ட்ரோக்னு சொல்றோம், டாக்டருங்க டிஐஏ-ன்னு எழுதுவாங்க. கட்டி போயிடுச்சு, ஆனா கட்டி எங்கேர்ந்து வந்துச்சோ அந்த எடம் அப்படியேதான் இருக்கு. கழுத்து ரத்தக்குழாய்ல கொழுப்பு படிஞ்சிருக்கலாம், இதயம் தாறுமாறா துடிச்சு உள்ள ரத்தம் உறைஞ்சிருக்கலாம். அது அடுத்த கட்டியை எப்ப அனுப்பும்னு யாரும் சொல்ல முடியாது. மினி ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் 3 மாசத்துக்குள்ள வர்ற பெரிய ஸ்ட்ரோக்குல கிட்டத்தட்ட பாதி முதல் 2 நாள்லயே வந்துடுது. அதான் நான் இவ்வளவு பதர்றேன்.

இதுல நல்ல சேதியும் இருக்கு. இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்ட்ல ஒரு ஆய்வு பண்ணாங்க, 2007ல வெளியாச்சு. மினி ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு சாவகாசமா அப்பாயின்ட்மென்ட் குடுத்து பாத்த காலத்துல 90 நாளுக்குள்ள 100 பேர்ல சுமார் 10 பேருக்கு திரும்ப ஸ்ட்ரோக் வந்துச்சு. அதே ஊர்ல, வந்த அன்னிக்கே பாத்து அன்னிக்கே மாத்திரை ஆரம்பிச்சப்ப அது 2 பேரா கொறைஞ்சிடுச்சு. புதுசா எந்த மருந்தும் கண்டுபிடிக்கல, அதே ஆஸ்பிரின், அதே பிபி மாத்திரை, அதே கொழுப்பு மாத்திரைதான், சீக்கிரம் குடுத்தாங்க, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு மூளை எம்ஆர்ஐ, கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர் ஸ்கேன், இதயத்துக்கு இசிஜி, எக்கோ, அப்புறம் சுகர், கொழுப்பு எல்லாம் பாக்கணும். கழுத்துக் குழாய் 70 சதவீதத்துக்கு மேல அடைச்சிருந்து, அந்தப் பக்கத்தாலதான் இது வந்துச்சுன்னு தெரிஞ்சா, 2 வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணி சுத்தம் பண்றது நல்ல பலன் குடுக்கும். சத்து ஊசியால இதுல ஒண்ணும் ஆகாது.

கேள்வி: ஸ்ட்ரோக் வந்தா உடனே பத்து விரல் நுனியிலயும் ஊசியால குத்தி ரத்தம் எடுக்கணும்னு வாட்ஸ்அப்ல வருது. எங்க ஊர்ல புறா ரத்தம் தடவறாங்க. நிஜமா அந்த நேரத்துல வீட்டுல என்னதான் பண்றது? (வாசகி, விருத்தாசலம், இதையே இன்னும் பல பேர் கேட்டிருக்காங்க)

பதில்: ஊசியால குத்தறது சுத்தப் பொய், எத்தனை வருஷமா இது சுத்திக்கிட்டிருக்கு, எத்தனை பேரோட பொன்னான நேரத்தைத் தின்னிருக்கும்னு நெனச்சா வயிறு எரியுது. புறா ரத்தத்துக்கும் அடைச்ச குழாய்க்கும் எந்த சம்பந்தமும் இல்ல. அதைத் தேடி ஓடி, தடவி, துணி சுத்தி முடிக்கறதுக்குள்ள ரெண்டு மணி நேரம் போயிடும்.

அந்த ரெண்டு மணி நேரம்தான் எல்லாமே. ஒரு பெரிய குழாய் அடைச்சா நிமிஷத்துக்கு சுமார் 19 லட்சம் மூளை செல் சாகுதுன்னு கணக்கு போட்டிருக்காங்க. கட்டியைக் கரைக்கற ஊசியை பொதுவா ஆரம்பிச்ச நேரத்துலேர்ந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், அதுக்குள்ளயும் எவ்வளவு முன்னாடியோ அவ்வளவு நல்லது. பெரிய குழாய் அடைப்பா இருந்தா தொடையில இருக்கற ரத்தக்குழாய் வழியா மெல்லிசான ட்யூப் விட்டு கட்டியையே வெளிய இழுத்துடுவாங்க, 2015ல வந்த ஆய்வுகளுக்கு அப்புறம் இது உலகம் முழுக்க நிலைச்சிடுச்சு. ஸ்கேன்ல மூளை இன்னும் முழுசா சாகலன்னு தெரிஞ்சா சில பேருக்கு 24 மணி நேரம் வரைக்கும்கூட பண்றாங்க. ஆனா 24 மணி நேரம்ங்கறதை மனசுல வச்சுக்கிட்டு யாரும் மெதுவா கிளம்பக்கூடாது, அது தூக்கத்துலயே வந்து லேட்டா தெரிஞ்சவங்க மாதிரி ஆளுங்களுக்குத்தான்.

கண்டுபிடிக்கறது எப்படின்னா, சிரிக்கச் சொல்லுங்க, வாய் ஒரு பக்கம் கோணுதா பாருங்க. ரெண்டு கையையும் நீட்டச் சொல்லுங்க, ஒண்ணு கீழ எறங்குதா பாருங்க. ஒரு வரி பேசச் சொல்லுங்க, குழறுதா, சம்பந்தமில்லாம பேசறாரா கவனிங்க. திடீர்னு கண்ணு தெரியாம போறது, நிக்க முடியாம தள்ளறதுகூட ஸ்ட்ரோக்கா இருக்கலாம். இதுல ஒண்ணு இருந்தாலே போதும், மூணும் வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க. 108க்கு அடிங்க, கடைசியா அவர் நல்லா இருந்தது எத்தனை மணிக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. ஆஸ்பத்திரியில முதல்ல கேக்கறது அதைத்தான், பதட்டத்துல ஆளாளுக்கு ஒரு நேரம் சொல்வாங்க. சாப்பிடற மாத்திரை சீட்டையும் எடுத்துக்கோங்க. கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணி சிடி ஸ்கேன் 24 மணி நேரமும் இருக்கான்னு கேளுங்க, ஸ்கேன் இல்லாத எடத்துக்குப் போய் அங்கேர்ந்து இன்னொரு எடத்துக்கு அனுப்பறதுல போற நேரம்தான் பல பேரோட கையையும் காலையும் எடுத்துக்கிட்டுப் போயிருக்கு.

பண்ணக்கூடாதது இன்னும் முக்கியம். வாயில தண்ணி, சோடா, காபி, மாத்திரை எதுவும் ஊத்தாதீங்க, முழுங்கற சக்தி போயிருந்தா அது நேரா நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆயிடும். ஆஸ்பிரின் குடுக்கலாமான்னு படிச்சவங்களே கேக்கறாங்க, குடுக்காதீங்க. பெரும்பாலான ஸ்ட்ரோக் அடைப்பால வர்றதுதான், ஆனா ரத்தம் கசிஞ்சு வர்ற ஸ்ட்ரோக்கும் வெளியிலேர்ந்து பாக்க அச்சு அசலா அதே மாதிரிதான் இருக்கும், சிடி எடுக்காம எந்த டாக்டராலயும் உறுதியா சொல்ல முடியாது. பிபி 200 காட்டுதேன்னு நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கறதும் வேண்டாம், அடைப்பு இருக்கறப்ப பிபி திடுதிப்புனு எறங்கினா மூளைக்குப் போற கொஞ்ச நஞ்ச ரத்தமும் நின்னுடும். சுகர் இருக்கறவரா இருந்து வீட்டுல குளுக்கோமீட்டர் இருந்தா ஒரு தடவை பாத்துடுங்க, சுகர் ரொம்ப எறங்கினாலும் ஒரு பக்கம் இழுக்கற மாதிரி வரும். அதுக்காக ஆம்புலன்ஸைத் தள்ளிப்போடாதீங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு 24 வயசு, தலைப்பிரசவம் ஆகி 16ஆவது நாள். நாலு நாளா தலைவலின்னு சொல்லிக்கிட்டே இருந்தா, தூக்கமில்லாததால வர்றதுன்னு நாங்க தைலம் தேச்சுவிட்டோம். அஞ்சாவது நாள் வலிப்பு வந்துடுச்சு. மூளை வெயின்ல ரத்தம் உறைஞ்சிருக்குன்னு ஊசி போடறாங்க. லேசா ரத்தக்கசிவும் இருக்காம், ஆனா ரத்தத்தை இளக்கற ஊசிதான் போடறாங்க, பயமா இருக்கு. பால் குடுக்கலாமா? (பெயர் வெளியிட விரும்பாத தாய், தேனி)

பதில்: அம்மா, முதல்ல தைரியமா இருங்க. இந்த வியாதியில சரியான நேரத்துல ஊசி ஆரம்பிச்சவங்கள்ல அஞ்சுல நாலு பேர் நல்லபடியா தேறி வந்துடறாங்க.

மூளைக்கு ரத்தம் போற குழாய் அடைச்சா அது நமக்கெல்லாம் தெரிஞ்ச ஸ்ட்ரோக். உங்க பொண்ணுக்கு அடைச்சிருக்கறது மூளையிலேர்ந்து ரத்தம் திரும்பி வர்ற குழாய். போற வழி தொறந்திருக்கு, வர்ற வழி அடைச்சிருக்குன்னா ரத்தம் உள்ளயே தேங்கி, அழுத்தம் ஏறி, அந்த அழுத்தத்துலதான் லேசா கசியுது. அடைப்பு விலகினாத்தான் கசிவும் நிக்கும், அதனாலதான் கசிவு இருக்கறப்பவும் ஹெப்பாரின்ங்கற ரத்தம் இளக்கற ஊசியைப் போடறாங்க. கேக்கறதுக்கு தலைகீழா தெரியும், ஆனா உலகம் முழுக்க இதுதான் சிகிச்சை, உங்க டாக்டர் சரியாத்தான் பண்றார். அப்புறம் சில மாசத்துக்கு ரத்தம் இளக்கற மாத்திரை இருக்கும். பால் குடுக்கறதைப் பொறுத்தவரைக்கும் ஹெப்பாரின் ஊசியும் வார்ஃபரின் மாத்திரையும் குழந்தைக்குப் பிரச்சினை பண்ணாது. புதுசா வந்திருக்கற சில ரத்தம் இளக்கற மாத்திரைகளும், வலிப்பு மாத்திரையில சிலதும் அப்படி இல்ல, அதனால பால் குடுக்கறாங்கன்னு டாக்டர்கிட்ட ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க.

பிரசவத்துக்கு முன்னாடியும் அப்புறம் சில வாரமும் பொண்ணுங்க ரத்தம் சீக்கிரம் உறையற நிலையில இருக்கும், ரத்தப்போக்கை நிறுத்த உடம்பு தானா பண்ணிக்கற ஏற்பாடு அது. அந்த நேரத்துல தண்ணி பத்தாம போனா ஆபத்து ஏறும். பச்சை உடம்பு, தண்ணி அதிகம் குடிச்சா வயிறு பெருத்துடும், புண்ணு ஆறாதுன்னு சொல்லி அளந்து அளந்து தண்ணி குடுக்கற பழக்கம் நம்ம வீடுகள்ல இன்னும் இருக்கு. பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, பிள்ளை பெத்த மருந்து எல்லாம் உங்க இஷ்டம், ஆனா தண்ணியை மட்டும் தயவு செஞ்சு கட்டுப்படுத்தாதீங்க, பால் வேற குடுக்கறா, தாகத்துக்கு மேலயே குடிக்கட்டும்.

பிரசவம் ஆனவளுக்கு நாளுக்கு நாள் ஏறிக்கிட்டே போற தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, இதுல எது வந்தாலும் தூக்கமின்மைன்னு வீட்டுல முடிவு பண்ணக்கூடாது. இன்னொண்ணும் சொல்லிடறேன், கோயில் திருவிழா, கல்யாணம்னு மாதவிடாயைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்ல தானா மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு, விரதமும் இருந்து, வெயில்லயும் நின்னு இதே வெயின் அடைப்போட வந்த பொண்ணுங்களைப் பத்தி நம்ம நாட்டு டாக்டருங்க நிறைய எழுதியிருக்காங்க. உங்க பொண்ணு இனிமே ஈஸ்ட்ரோஜன் இருக்கற கருத்தடை மாத்திரை எடுக்கக்கூடாது. அடுத்த குழந்தை வேணாம்னு இல்ல, ஆனா கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே இந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டுப் போகணும், அப்ப தடுப்பு ஊசி தேவைப்படும்.

கேள்வி: முடி வெட்டினதும் கழுத்தை ரெண்டு பக்கமும் டக்குனு திருப்பி சொடக்கு எடுப்பாங்க, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆபத்துன்னு ஃப்ரெண்ட் சொல்றான், நிஜமா? வயசு 29. (வாசகர், ஆவடி)

பதில்: நிஜம். கழுத்து எலும்புல இருக்கற ஓட்டைகளுக்குள்ள பூந்து பூந்துதான் ரெண்டு ரத்தக்குழாய் மூளையோட பின்பக்கம் ஏறுது. வேகமா திருப்பறப்ப அதோட உள்சுவர் கிழிஞ்சு, கிழிசல்ல ரத்தம் உறைஞ்சு ஸ்ட்ரோக் வரலாம். அடிக்கடி நடக்கறதில்லதான், ஆனா சின்ன வயசுக்காரங்களுக்கு வர்ற ஸ்ட்ரோக்குக்கு இந்தக் கிழிசல் ஒரு முக்கியமான காரணம். சேர்ல உக்காரறப்பவே கழுத்து வேண்டாம்னு சொல்லிடுங்க. ஏற்கெனவே சொடக்கு எடுத்து, அதுக்கப்புறம் ஒரு பக்கம் மட்டும் பிடரி வலி, தலைசுத்தல், நடை தள்ளறது இருந்தா அன்னிக்கே போங்க.

கேள்வி: ஒத்தைத் தலைவலிக்கு எம்ஆர்ஐ எடுத்ததுல மூளை ரத்தக்குழாய்ல 4 மில்லிமீட்டர் அனியூரிசம்னு வந்திருக்கு. இன்டர்நெட்ல படிச்சதுலேர்ந்து தூக்கமே இல்ல, குனியவே பயமா இருக்கு. வயசு 44. (வாசகி, நாகர்கோவில்)

பதில்: சைக்கிள் ட்யூப்ல ஒரு எடம் மட்டும் மெலிஞ்சு புடைச்சு நிக்குமே, அந்த மாதிரி ரத்தக்குழாய்ல ஒரு புடைப்பு, அதான் அனியூரிசம். நூறு பெரியவங்களை ஸ்கேன் பண்ணா சுமார் 3 பேருக்கு இருக்கும், அதுல பெரும்பாலானவங்களுக்கு ஆயுசு முழுக்க ஒண்ணும் ஆகாது, இருக்கறதே தெரியாது. உங்க ஒத்தைத் தலைவலிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு கம்மி.

வெடிக்குமாங்கறது அளவு, எடம், வடிவம், பிபி, புகைப்பழக்கம், ரத்த சொந்தத்துல யாருக்காவது வெடிச்சிருக்கா இதையெல்லாம் பொறுத்தது. 4 மில்லிமீட்டர் சின்னதுதான், ஆனா எடத்தைப் பாக்காம நான் முடிவு சொல்லக்கூடாது, நியூரோ சர்ஜன்கிட்ட ஃபிலிமோட போங்க, ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது. பல பேருக்கு அவ்வப்போது ஸ்கேன் எடுத்து பாத்துக்கிட்டு வந்தாலே போதும். தேவைப்பட்டா மண்டையைத் தொறந்து கிளிப் போடறது ஒரு வழி, தொடை வழியா போய் காயில்ங்கற மெல்லிசான கம்பிச் சுருளை உள்ள சுத்தி அடைக்கறது இன்னொரு வழி. குனியறது, வீட்டு வேலை, நடைப்பயிற்சி எல்லாம் பண்ணலாம். பிபியை மட்டும் விடாதீங்க, வீட்டுல யாராவது சிகரெட் பிடிச்சா அவங்களையும் நிறுத்தச் சொல்லுங்க. மண்டையில இடி எறங்கின மாதிரி, வாழ்க்கையிலயே இப்படி ஒரு வலி வந்ததில்லங்கற அளவுக்கு ஒரு நொடியில உச்சத்துக்குப் போற தலைவலி வந்தா மட்டும், அது குறைஞ்சாலும் குறையாட்டியும், நேரா எமர்ஜென்சி.

கேள்வி: அம்மாவுக்கு சின்ன வயசுல மூட்டு வீங்கி காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கிடுச்சு. போன வருஷம் ஸ்ட்ரோக். இப்ப அசிட்ரோம்ங்கற ரத்தம் இளக்கற மாத்திரை சாப்பிடறாங்க. கீரையே சாப்பிடக்கூடாதா? பல்லு புடுங்கணும்னு பக்கத்து வீட்டு அக்கா பேச்சைக் கேட்டு நாலு நாளா மாத்திரையை நிறுத்தியிருக்காங்க. (வாசகர், ஆரணி)

பதில்: இன்னிக்கு ராத்திரியே உங்க இதய டாக்டரைக் கூப்பிட்டு கேட்டுட்டு திரும்ப ஆரம்பிங்க. அந்த சுருங்கின வால்வுக்குப் பின்னாடி ரத்தம் தேங்கி உறையறதாலதான் ஸ்ட்ரோக்கே வந்துச்சு, மாத்திரை நிக்கற ஒவ்வொரு நாளும் அந்தக் கதவு தொறந்து கெடக்கு. பல்லு புடுங்கறதுக்கு பெரும்பாலும் இதை நிறுத்தவே வேண்டியதில்ல, ரத்தம் எவ்வளவு இளகியிருக்குன்னு காட்டற ஐஎன்ஆர் டெஸ்ட் எடுத்து அளவு சரியா இருந்தா ரத்தம் நிக்கறதுக்கு மருந்து வச்சு புடுங்கிடுவாங்க. பல் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும். கீரை சாப்பிடலாம், ஆனா வாரத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவுங்கறது ஒரே சீரா இருக்கணும், ஒரு மாசம் தினம் முருங்கைக்கீரை, அடுத்த மாசம் ஒண்ணுமே இல்லங்கறதுதான் ஐஎன்ஆரை ஆட்டி வைக்கும். பொதுவா 2லேர்ந்து 3க்குள்ள வைக்கச் சொல்வாங்க. மூட்டு வலிக்குன்னு கடையில வலி மாத்திரை வாங்கிப் போட்டா வயித்துல ரத்தம் கசியும், அதையும் சொல்லி வைங்க. ரத்தம் இளக்க புது மாத்திரை ஒண்ணு வந்திருக்கு, அதுக்கு டெஸ்டே வேண்டாமாம்னு யாராவது சொன்னா, சுருங்கின வால்வுக்கு அது சரிப்படாது.

கேள்வி: பிபி 130க்கு வந்துடுச்சு, மாத்திரையை நிறுத்திடலாமா? (இந்த வாரம் மட்டும் எத்தனையோ பேர்)

பதில்: மாத்திரை சாப்பிடறதாலதான் 130. மேல் பிபி 10 பாயின்ட் கொறைஞ்சா ஸ்ட்ரோக் வர்ற வாய்ப்பு கால்வாசி கொறையுது, அதை நீங்களே திருப்பிக் குடுக்காதீங்க. வீட்டுக்கே மாத்திரை வர்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021லேர்ந்து நடக்குது, ஆஸ்பத்திரியில வரிசையில நிக்க முடியலங்கறவங்க பக்கத்து சுகாதார நிலையத்துல பேர் குடுங்க. ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூணும் ஒரே தட்டுல வேண்டாம்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து 2 மாசம். வலது கை கால் வரல. நாம பேசறது புரியுது, ஆனா அவரால ஒரு வார்த்தை சொல்ல முடியல. ஆனா டிவியில பழைய பாட்டு வந்தா கூடவே பாடறார்! நடிக்கறாருன்னு என் மாமியார் சொல்றாங்க. காரணமில்லாம அழறார். தோள்பட்டை வேற வலிக்குதுன்னு கையைத் தொடவே விடல. (வாசகி, பரமக்குடி)

பதில்: நடிக்கலம்மா. மாமியாருக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க. பெரும்பாலானவங்களுக்கு பேச்சை உண்டாக்கற எடம் இடது மூளையோட முன்பக்கத்துல இருக்கு. 1861ல பாரிஸ்ல பால் புரோக்காங்கற டாக்டர், ஒரே ஒரு அசையைத் தவிர வேற எதுவும் சொல்ல வராத ஒரு நோயாளி செத்ததுக்கு அப்புறம் அவர் மூளையைப் பாத்துதான் இதை எழுதினார். யோசிச்சு சொல்ற பேச்சு அந்த எடத்தை நம்பித்தான் இருக்கு. ஆனா மனப்பாடமா ஓடற பாட்டு, ஒண்ணு ரெண்டு எண்றது, கந்த சஷ்டி கவசம், கோவத்துல வர்ற வசவு இதுக்கெல்லாம் வலது மூளையும் கைகுடுக்கும். அதனாலதான் பாட முடியுது, தண்ணி வேணும்னு சொல்ல முடியல.

அந்தப் பாட்டையே பிடிச்சுக்கோங்க. அவருக்குத் தெரிஞ்ச பாட்டுல கடைசி வார்த்தையை விட்டுட்டு நீங்க பாடுங்க, அவர் முடிக்கட்டும். அப்புறம் "தண்ணி வேணும்"ங்கறதையே ஒரு ராகமா, அவரோட இடது கையால தாளம் தட்டிக்கிட்டே சொல்லிப் பழக்குங்க. பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்களும் இந்த முறையைத்தான் வச்சிருக்காங்க, ஸ்பீச் தெரபிஸ்ட் கிடைச்சா கண்டிப்பா காட்டுங்க. அவர் தேடறப்ப முந்திக்கிட்டு வார்த்தையை நீங்க சொல்லிடாதீங்க, கொஞ்சம் பொறுங்க. வீட்டுக்கு வர்றவங்க காது கேக்காதவர்கிட்ட பேசற மாதிரி கத்த வேண்டாம், அவருக்கு எல்லாம் கேக்குது, புரியுது.

தோள்பட்டை வலிக்கு காரணம் பெரும்பாலும் நாமதான். தூக்கி உக்கார வைக்கறப்ப வராத கையைப் பிடிச்சு இழுத்துடறோம், தசை பிடிப்பில்லாத மூட்டு கீழ எறங்கிடுது. இனிமே அந்தக் கையைப் பிடிச்சு இழுக்கவே கூடாது, அக்குளுக்கு கீழயும் கை குடுத்து தூக்கக்கூடாது, முதுகுக்குப் பின்னாடி தோள்பட்டை எலும்புல உங்க கையை வச்சு, இன்னொரு கை இடுப்புல வச்சு தூக்குங்க. உக்காந்திருக்கறப்ப அந்தக் கைக்கு கீழ தலையணை வைங்க, தொங்க விடாதீங்க. சட்டை போடறப்ப வராத கையை முதல்ல நுழைங்க, கழட்டறப்ப கடைசியா எடுங்க. முதல் 3லேர்ந்து 6 மாசம் முன்னேற்றம் வேகமா இருக்கும், அதுக்கப்புறம் நின்னுடாது, மெதுவாகும். இப்ப ரெண்டு மாசம்தான் ஆச்சு, பிசியோதெரபியை ஒரு நாளும் விடாதீங்க.

அழறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். உணர்ச்சியைக் கட்டுப்படுத்தற நரம்பு வழி அடிபட்டதால தானா வர்ற அழுகை ஒண்ணு, அது டக்குனு வந்து டக்குனு நின்னுடும். இன்னொண்ணு நிஜமான மனச்சோர்வு, ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு வருது. சாப்பாடு, தூக்கம் கெட்டு, பாட்டு கேக்கக்கூட பிடிக்காம ஒதுங்கினா அது மனச்சோர்வு. ரெண்டுக்குமே மாத்திரை இருக்கு, அடுத்த தடவை போறப்ப இதை நீங்களா வாயைத் தொறந்து சொல்லணும், அவரால சொல்ல முடியாது. அன்னிக்கே ஊனச் சான்றிதழ் எப்ப வாங்கலாம்னும் கேளுங்க, 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னா அரசாங்க உதவிக்கு எழுதிப் போடலாம், ஆதாரும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரு கவர்ல போட்டு தயாரா வச்சிருங்க.